ஓலை வாசித்த நாட்களில் ஒரு வலி

எங்கள் ஆலயத்தில் என் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமைதான் அந்த வலி என்னை முதன்முதலாகக் குத்தியது. ஓலை என்றால் கல்யாண அறிவிப்பு. இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது என்று இரண்டு பேருடைய ஆலயங்களிலும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆராதனை நடுவில் போதகர் சபைக்கு முன் வாசிப்பார். வாசித்து முடித்ததும், "இதற்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம்" என்று சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக எல்லோரையும் பார்ப்பார். நான் அறிந்தவரை எங்கள் ஆலயத்தில் யாரும் எழுந்து எதுவும் சொன்னதில்லை. இருந்தாலும் அந்தக் கொஞ்ச நேரம் கல்யாணப் பெண் யாராவது எழுந்திருக்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்க்கத்தான் செய்வாள்.

ஓலை முடிந்து பாட்டுக்கு எழுந்து நின்றேன். முதல் அடியைப் பாட மூச்சை இழுத்தேன். இடது பக்கம், மார்புக்குக் கீழே, கோணி ஊசியால் குத்தியது போல ஒரு சுருக். இழுத்த மூச்சு பாதியில் நின்றுவிட்டது. பக்கத்தில் அம்மா நல்ல சுதியோடு பாடிக்கொண்டிருந்தாள். அவள் குரலுக்கு அடியில் நான் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு, மூச்சைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து உள்ளே விட்டேன்.

வேறு யாராவதாக இருந்தால் வாயுப்பிடிப்பு என்று ஓமத்தண்ணீர் குடித்துவிட்டு மறந்திருப்பார்கள். எனக்கு அந்தச் சலுகை கிடையாது. எனக்குப் பிறவியிலேயே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். அந்தப் பெயர் எங்கள் தெருவில் யார் வாயிலும் நுழையவில்லை. சளி வியாதி என்று சுருக்கிவிட்டார்கள். தப்பில்லை, விஷயம் அதுதான். மற்றவர்களுக்கு நீர்த்து வருகிற சளி எனக்குச் சுவரொட்டி ஒட்டுகிற மைதாப் பசை போல இறுகும். அது நுரையீரலில் தங்கினால் கிருமி குடியேறும். கிருமி குடியேறினால் நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். கணையத்தையும் அதே பசை அடைத்துக்கொள்வதால் சாப்பாடு செரிக்க ஒவ்வொரு வேளையும் மாத்திரை. வியர்வையில் உப்பு வழிந்து போய்விடும், அதனால் ஊறுகாய் ஜாடியை என்னிடமிருந்து யாரும் பறிக்க முடியாது. இது யாருக்கும் தொற்றாது, எனக்குத் தீரவும் தீராது. சின்ன வயதில் காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள். சரியான பெயர் தெரிந்தபோது நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தேன்.

பெயர் தெரிந்த நாளிலிருந்து என் முதுகு அப்பாவின் பொறுப்பு. காலையில் நெபுலைசரில் மருந்தை இழுத்து முடித்ததும் கட்டிலில் தலையணைகளைச் சரிவாக அடுக்கி, தலை தாழ்ந்திருக்கும்படி குப்புறப் படுத்துக்கொள்வேன். அப்பா உள்ளங்கையைக் குழித்து முதுகிலும் விலாவிலும் தட்டுவார். ஒட்டிக்கிடக்கும் சளி கழன்று மேலே வரும், இருமித் துப்புவேன். சாயங்காலம் மறுபடியும். காய்ச்சல், கிறிஸ்துமஸ், தேர்தல் என்று எதற்கும் அதில் விடுமுறை இல்லை.

அப்பாவுக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பவுண்டரியில் மோல்டர் வேலை. அவருடைய பெற்றோர் தோட்டங்களில் கூலிக்குப் போனவர்கள். மாதச் சம்பளம் என்ற ஒன்றை எங்கள் குடும்பத்தில் முதலில் பார்த்தவர் அவர்தான். பம்புக்கு வேண்டிய இரும்பு பாகங்களை வார்ப்பதற்கு, பெட்டிக்குள் மண்ணைக் கொட்டி இடித்து இடித்து அச்சை இறுக்குவதுதான் மோல்டர் வேலை. இடி தளர்ந்தால் அச்சு சரிந்துவிடும். இதைப் பகல் முழுக்கச் செய்கிற கை எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். போதாததற்கு, வார்த்து எடுத்த இரும்பைச் சின்னச் சுத்தியால் தட்டி, உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று சத்தத்தை வைத்தே சொல்லுகிற பழக்கமும் அவருக்கு உண்டு. அதே காதை என் முதுகிலும் வைத்தார். "இடது பக்கம் அடியில சத்தம் மந்தமா கேக்குது கண்ணு. அங்கதான் கட்டியிருக்குது" என்பார். அந்த இடத்துக்கு அன்றைக்கு இரட்டைக் கவனிப்பு.

கல்யாணம் என்ற பேச்சு எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை. சரவணம்பட்டியில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் எனக்குப் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்தான் அதை ஆரம்பித்து வைத்தார். ஈரோட்டுக்காரர். அவருடைய அப்பா அங்கே மஞ்சள் மண்டியில் எடை போடுகிறவர். என் இருமலைக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போய், ஒருநாள் காலை முழுக்க நான் இருமாமல் இருந்ததும் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, இன்னிக்கு ஒடம்புக்கு ஆகலீங்களா?" என்று கேட்ட மனிதர். அவரிடம் நான் எதையும் மறைக்கவில்லை. வியாதியின் பெயர், அது போகிற போக்கு, எனக்கு எத்தனை வருடம் என்று எந்த டாக்டரும் வாயைத் திறக்காதது, குழந்தை பிறப்பது சிரமம் என்பது, எல்லாவற்றையும் அடுக்கினேன். பயந்து ஓடட்டும் என்ற எரிச்சலோடுதான் அடுக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "இந்தத் தட்டறத எங்கீங்க கத்துக்கறது?" என்றார்.

சொன்னதோடு விடவில்லை. ஒரு பிசியோதெரபிஸ்ட்டைத் தேடிப் பிடித்து முறையாகக் கற்றுக்கொண்டு வந்தார். நிச்சயம் முடிந்த பிறகு, வேலை விட்டதும் என்னை வண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவார். வந்த கையோடு தட்டவும் செய்வார். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வந்து பெண்ணின் முதுகைத் தட்டுவதா என்று தெருவில் யாரும் பேசிவிடக் கூடாதே என்று அம்மா வாசல் கதவை அகலத் திறந்து வைத்து, கட்டிலுக்கு எதிரே அரிவாள்மனையைப் போட்டுக்கொண்டு காய் நறுக்குவாள். எத்தனை சங்கடம் வேண்டுமோ அத்தனையும் அதில் இருந்தது.

அவர் கிளம்பிப் போனதும் அப்பா பவுண்டரியிலிருந்து வருவார். குளித்துவிட்டு, ஈரத் தலையோடு கட்டிலுக்கு வந்து நிற்பார்.

"படு கண்ணு."

"இப்பத்தானுங்கப்பா அவரு தட்டிட்டுப் போனாரு."

"மாப்ள நல்ல புள்ளதான். ஆனா அவரு கை எலவம்பஞ்சு மாதிரி மெத்துனு இருக்குது. அது பத்தாது. நா ஒருக்கா பாத்துப் போடறேன்."

கை மெத்தென்று இருக்கிறது என்பது மட்டும் எப்படியோ மாப்பிள்ளையின் காதுக்குப் போய்விட்டது. அம்மாதான் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த நாளிலிருந்து அவர் தட்டும் வேகமே மாறிப்போனது. நேரில் பார்த்துக்கொண்டால் இருவரும் மரியாதையில் ஒருவரை ஒருவர் மிஞ்சுவார்கள். "நீங்களே தட்டுங்க மாப்ள." "இல்லீங்க மாமா, நீங்க தட்டுனாத்தானுங்க செரியா இருக்கும்." பிறகு மாப்பிள்ளை கிளம்பிப் போனதும் அப்பா அவருக்குத் தெரியாமல் ஆரம்பிப்பார். அம்மா ஒருமுறை தலை நிமிர்ந்து, "ஏனுங்க, புள்ளயா இல்ல மத்தளமா?" என்று கேட்டாள். மூவரும் சிரித்தோம். அதற்கு மேல் அதை யாரும் யோசிக்கவில்லை.

முதல் ஓலைக்குப் பிறகு வந்த வாரம் வலி என்னோடு ஆபீசுக்கும் வந்தது. சும்மா உட்கார்ந்திருந்தால் ஒளிந்துகொள்ளும். தும்மினால், சிரித்தால், கொட்டாவி விட்டால் வந்து குத்தும். இருமினால் கண்ணில் நீர் வந்துவிடும். நானோ இருமிப் பிழைக்கிறவள். வலிக்குப் பயந்து மேலோட்டமாகவே மூச்சு விட்டேன். அப்படி விட்டதால் மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இளைத்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் கைபேசியைப் பார்ப்பது போல ஒதுங்கிப் போனார்கள்.

என்னைப் போன்றவர்கள் சேர்ந்த ஒரு வாட்சப் குழு இருக்கிறது. அதில் ஒரு பெண் ஒருசமயம் இதே மாதிரி எழுதியிருந்தாள்: இடது பக்கம் வலி, மூச்சு வாங்குகிறது. அவளுக்கு நுரையீரலில் பொத்தல் விழுந்து காற்று வெளியே கசிந்திருந்தது. அதற்குப் பிறகு அவள் எழுதியது கொஞ்சம்தான். இப்போது அவளுடைய பெயருக்கு எதிரே பழைய புகைப்படம் மட்டும் இருக்கிறது. நான் அந்தப் புகைப்படத்தை அந்த வாரம் பலமுறை திறந்து பார்த்தேன். பயந்தேன். பயம் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். அம்மா மாத்திரையை எடுத்து நீட்டினாலும் எரிந்து விழுந்தேன்.

என்னை எப்போதும் பார்க்கிற நெஞ்சு டாக்டர் ஊரில் இல்லை, அடுத்த வாரம்தான் வருவார் என்றார்கள். அதுவரை காத்திருக்க அப்பா ஒப்பவில்லை. ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு குறையும் வைக்கவில்லை. இசிஜி, எக்ஸ்ரே, ரத்தம், கடைசியில் சி.டி. ஸ்கேன். இதயம் நன்றாக இருந்தது. நுரையீரலில் பொத்தல் இல்லை, ரத்தக்கட்டு இல்லை. பழைய தழும்புகள் பழைய இடத்தில் இருந்தன. சின்ன வயது டாக்டர் ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "எதுவும் புதுசா இல்லீங்க மேடம். கல்யாணம் வெச்சிருக்கீங்களாமா? டென்ஷனாக்கூட இருக்கலாம்" என்றார்.

"டென்ஷன் இடது பக்கம் மட்டும் வருமுங்களா?" என்று கேட்டேன். அவர் பாவம், சிரித்துச் சமாளித்தார்.

காரணம் தெரியாத வலியோடு வீடு திரும்புவது, காரணம் தெரிந்த வலியைவிட மோசம். அப்பா மட்டும் குழம்பவில்லை. அவருக்குக் காரணம் தெரிந்திருந்தது. "மெசினுக்கு என்ன கண்ணு தெரியும். அடியில சளி கல்லு மாதிரி எறுகிப்போச்சு. அதான் குத்துது" என்றார். அன்று சாயங்காலம் வலிக்கிற இடத்திலேயே வைத்து நன்றாகத் தட்டினார். நான் தலையணை உறையைப் பல்லால் கடித்துக்கொண்டேன். வலிக்கிறது என்று சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த கணக்கு அதுதான்: தட்டுவது மருந்து, மருந்து கசக்கும். அதோடு, வலிக்கிறது என்றால் யார் தட்டியது வலிக்கிறது என்ற கேள்வி வரும். இரண்டு பேரில் யாரைச் சொல்வேன்?

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு என்னால் பாட்டுக்கு எழுந்து நிற்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே இருந்தேன். போதகர் வாசித்தார். தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்றார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். எனக்குத் தெரியுமே என்று தோன்றியது. இந்தச் சபையில் தடையை அறிந்த ஒரே ஆள் நான்தான், அது என் இடது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, நான் வாயை மூடிக்கொண்டு ஒரு நல்ல மனிதனை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன். அம்மா என் கையைப் பிடித்தாள். என் முகம் எப்படிப் போயிற்றோ தெரியவில்லை.

மறுநாள் ஆபீசுக்குப் பக்கத்தில் இருக்கிற பேக்கரியில் மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். டீயும் தேங்காய் பன்னும் முன்னால் இருந்தன. நெஞ்சு டாக்டர் ஊருக்கு வந்ததும் என்னை ஊதச் சொல்லிப் பார்ப்பார். ஒரு குழாயில் முழு மூச்சையும் விட்டு ஊதினால் நுரையீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்று ஓர் எண் வரும். எங்கள் ஜாதகம் அதுதான். "அந்த நம்பர் முன்னாடிய விட எறங்கியிருந்தா, மூணாவது ஓலையில நானே எந்திரிச்சு தடைன்னு சொல்லிப்போடுவனுங்க. நீங்க ஒண்ணும் சொல்ல ஓண்டாம்" என்றேன்.

அவர் பன்னைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கோபமாக வந்தது. நான் என் வாழ்க்கையை முடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இந்த மனிதர் பன் தின்கிறார்.

"மூணாவது ஓலைக்கு நா எங்க ஊர் கோயிலுக்குப் போகலீங்க," என்றார் கடைசியில். "உங்க கோயிலுக்கு வாரேன். நீங்க எந்திரிச்சு சொன்னீங்கன்னா, நானும் எந்திரிச்சு அது பொய்ங்கன்னு சொல்லிப்போடறேன். யாரு சொல்றத எடுத்துக்கறதுன்னு போதகர் பாத்துக்கட்டும்."

"வெளையாடாதீங்க."

"நா வெளையாடலீங்க," என்றார். அவருடைய தட்டை அப்போதுதான் பார்த்தேன். பன்னைப் பிய்த்தாரே தவிர ஒரு துண்டுகூட வாயில் போடவில்லை.

அப்பா வேறு விதமாக வந்து நின்றார். அன்றைக்கு அவர் தட்டவில்லை, கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். "வெசனப்படாத கண்ணு. மூணாவது ஓலைய கொஞ்ச நாளைக்கு நிறுத்திப் போடச் சொல்லட்டுமா? நீ எங்கூடவே இரு. நா பாத்துக்கறேன். அவரும் சின்னப் புள்ள, அவரு தலையில எதுக்கு இத்தனையும்." நானே நினைத்த விஷயம்தான். ஆனால் அவர் வாயால் கேட்டபோது அழுகை வந்துவிட்டது. அழுதால் விலா குத்தியது. அதனால் அழுகையையும் சின்னச் சின்னதாகத்தான் அழ வேண்டியிருந்தது.

நெஞ்சு டாக்டர் வந்த அன்று அப்பா, மாப்பிள்ளை, நான் என்று மூன்று பேருமாகப் போனோம். அவர் என்னை என் பாவாடைச் சட்டைக் காலத்திலிருந்து பார்க்கிறவர், பேச்சில் சிக்கனம். பழைய ரிப்போர்ட்டுகளை மேசையிலேயே விட்டுவிட்டு என் பின்னால் வந்து நின்றார். ஒரே விரலால் விலாவில் ஒவ்வொரு எலும்பாக அழுத்திக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் நான் நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டேன்.

"இங்கயா?"

"அங்கதானுங்க டாக்டர்!"

அவர் அந்த இடத்தை மறுபடி மெல்லத் தொட்டார். பிறகு கேட்டார்: "உனக்குத் தட்டறது யாரும்மா?"

எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இருவரும், "நானுங்க" என்றார்கள். ஒரே நேரத்தில் சொன்னார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டாக்டர் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். "எப்படித் தட்டறீங்க, எனக்குத் தட்டிக் காட்டுங்க."

அப்பா பதறிப்போனார். "உங்க மேலயாங்க? ஐயோ, வேண்டாமுங்க."

"பரவால்ல, தட்டுங்க. தினமும் எப்படியோ அப்படியே."

அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டார். உள்ளங்கையைக் குழித்தார். இரண்டு தட்டுக்குள் டாக்டரின் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. மூன்றாவதில் சட்டைப் பையிலிருந்த பேனா தரையில் விழுந்து உருண்டது. "போதுங்க, போதுங்க," என்று அவர் எழுந்துகொண்டார். கதவருகே நின்ற நர்ஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள்கள் குலுங்கின. அடுத்தது மாப்பிள்ளை. அவர் மாமனாருக்குக் குறைந்தவர் இல்லை என்று காட்ட வேண்டிய வேகத்தில் இருந்தார். டாக்டர் ஒரே தட்டோடு அவரை உட்கார வைத்துவிட்டார்.

"சாயங்காலம் தட்டறது இவரா, அவரா?"

மாப்பிள்ளை, "நானுங்க," என்றார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "அவரு போன பொறவு நா ஒருக்காங்க," என்றார். அது மாப்பிள்ளைக்கு அதுவரை தெரியாது. அவர் முகம் சிவந்தது. பிறகு அவரும் மென்று விழுங்கி, மாமாவின் கைக்குச் சமமாக வரட்டும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னதைவிட ஓங்கியும் கூடுதல் நேரமும் தட்டி வந்ததை ஒப்புக்கொண்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தேன், குத்தியது, ஐயோ என்றேன்.

டாக்டர் அந்தப் பழைய சி.டி. ஸ்கேனைக் கணினியில் திறந்து, இந்த முறை நுரையீரலை விட்டுவிட்டு எலும்பை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தார். விலா எலும்பு ஒன்றில் முடி போல ஒரு கோடு. தேடினால்தான் தெரியும், முன்பு பார்த்தவர்கள் தேடியது வேறு. என் வியாதியில் சாப்பாட்டிலிருந்து கொழுப்பும் அதோடு வருகிற வைட்டமினும் உடம்பில் சரியாக ஒட்டாது, அதனால் எலும்பு மெலிந்துபோகும், மெலிந்த எலும்பில் இவ்வளவு இருமலும் இந்த இரண்டு பேருடைய பாசமும் சேர்ந்து விரிசல் விட்டிருக்கிறது என்று விளக்கினார். வலிக்குப் பயந்து மூச்சைக் குறைத்ததால்தான் இளைப்பு. எலும்புக்கு ஒரு சோதனை எழுதினார், மருந்து எழுதினார். தட்டுவதை அன்றோடு நிறுத்தச் சொன்னார்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் பைத்தியம் என்பீர்கள். எலும்பு! சாதாரண, ஊரில் எல்லோருக்கும் உடைகிற, உடைந்தால் ஒட்டிக்கொள்கிற எலும்பு! பைக்கிலிருந்து விழுந்தவர்களுக்கு வருகிற வியாதி எனக்கும் வந்திருக்கிறது. அந்த அறையிலிருந்த எல்லோரையும் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது, விலா இடம் கொடுத்தால்.

"அப்ப ஊதிப் பாத்தர்லாமுங்களா டாக்டர்? நம்பர் எனக்கு இப்பவே ஓணுமுங்க."

அவர் தலையை ஆட்டினார். "இந்த வலியோட ஊதுனா பொய்க் கணக்குத்தான் வரும். எலும்பு கூடட்டும். நுரையீரல் எப்படி இருக்குங்கறத அப்பறம் பாக்கலாம். நல்லா இருக்குன்னும் நான் இப்ப சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன்." மூன்றாம் ஓலை வருகிற ஞாயிற்றுக்கிழமை. எலும்பு ஒட்டிக்கொள்ள வாரக்கணக்காகும். எந்த எண்ணை நம்பி நான் முடிவெடுக்க இருந்தேனோ அது வரப்போவதில்லை.

வெளியே வந்து அப்பா வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்ததும் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். "என்ற கையாலயே உன்ற எலும்ப ஒடச்சுப்போட்டனே அம்மணி" என்றார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்குத் தாங்கவில்லை, வழக்கம் போல அது கோபமாக வந்தது. "இந்தக் கை இல்லீன்னா எலும்பு ஒடையறதுக்கு நானே இருந்திருக்க மாட்டனுங்கப்பா! அழுவாதீங்க, எனக்கும் அழுவாச்சி வரும், வந்தா குத்தும்!" என்று கத்தினேன். அந்தப் பக்கமாகப் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, யாருக்கு ஆறுதல் சொல்வது என்று தெரியாமல், எழுந்து போய் மூன்று இளநீர் வாங்கி வந்தார்.

மறுநாள் காலை முதல் தட்டில்லாத காலை. டாக்டர் கொடுத்த சின்னக் கருவி ஒன்றை வாயில் வைத்து ஊத வேண்டும். ஊதினால் அதற்குள் ஒரு குண்டு அதிர்ந்து, அந்த அதிர்வு மார்புக்குள் போய்ச் சளியைக் கிளப்பும். பிறகு கண்ணாடியில் ஆவி படிய ஊதுவது போல வாயைத் திறந்து ஹா என்று மூச்சை விட வேண்டும். இருமல் வந்தால் ஒரு குட்டித் தலையணையை விலாவோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இரும வேண்டும். அப்பா நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் கட்டினார், இடுப்பில் வைத்தார், கடைசியில் என் டம்ளரை எடுத்துக்கொண்டு போய் வெந்நீர் பிடித்து வந்தார். நேரம் நிறையப் பிடித்தது. ஆனால் வந்தது. யாருடைய கையும் படாமல் அவ்வளவு சளி வந்ததைக் கிண்ணத்தில் பார்த்து, தங்கம் கண்டெடுத்தவள் போல அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் காலை நேரத்தில் இதையெல்லாமா காட்டுவாய் என்று திட்டிவிட்டு, எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

அந்த வாரம் முழுக்க நான் யோசித்தது இதுதான். எண் நன்றாக வந்தாலும் அது அந்த மாதத்துக்கான எண். அடுத்த மாதம் வேறு ஒரு வலி வரும், அதற்கு அடுத்த வருடம் இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று தடை என்று சொல்ல முடியுமா? மாப்பிள்ளை தட்டக் கற்றுக்கொண்டு வந்தபோது எந்த எண்ணையும் என்னிடம் கேட்கவில்லை. சனிக்கிழமை அவர் போனில், "எந்திரிப்பீங்களா?" என்று மட்டும் கேட்டார். "பாட்டுக்கு எந்திரிப்பனுங்க," என்றேன். அவர் வெள்ளைச் சட்டை போடுவதா நீலச் சட்டை போடுவதா என்று கேட்டார்.

அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவரும் ஓலையை நிறுத்துவது பற்றி மறுபடி பேசவில்லை. ஆனால் அந்த எண்ணம் அவரை விட்டுப் போகவில்லை என்று எனக்குத் தெரியும். சாயங்காலங்களில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு கட்டில் வரை வருவார். நினைவு வந்து திரும்பிப் போவார். இனி தன் கையும் இல்லை, அந்தப் பையன் கையும் இல்லை என்றால் இவளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்வி அவர் நடையிலேயே தெரிந்தது.

மூன்றாம் ஓலை. எங்கள் ஆலயத்தில் இன்றும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நானும் அம்மாவும் இந்தப் பக்கம். அப்பாவும் ஈரோட்டுக்காரரும் அந்தப் பக்கம், ஒரே பெஞ்சில். நீலச் சட்டைதான் போட்டிருந்தார். என் மடியில் குட்டித் தலையணை. ஆலயத்துக்குத் தலையணையோடு வந்த பெண்ணைச் சபை இதற்கு முன் பார்த்ததில்லை. பின் பெஞ்சுச் சிறுமிகள் அதைப் பற்றிக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள்.

போதகர் எங்கள் பெயர்களை வாசித்தார். இது மூன்றாம் ஓலை என்றார். தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்றார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

அப்போது எனக்கு இருமல் வந்தது. சும்மா கனைப்பு இல்லை, அடியிலிருந்து கிளம்புகிற என் சொந்த இருமல். அடக்கப் பார்த்தேன், அடங்கவில்லை. தலையணையை விலாவோடு சேர்த்து அணைத்துக்கொண்டு குனிந்தேன். ஒன்று முடிந்து அடுத்தது வந்தது. சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. போதகர் தாளைக் கீழே இறக்கி, நான் எதையோ சொல்ல முயல்கிறேன் என்று நினைத்து, பொறுமையாகக் காத்திருந்தார். இல்லை என்று கையை ஆட்டினேன். அது எதற்கு இல்லை என்று யாருக்குப் புரியும்? ஈரோட்டுக்காரர் பாதி எழுந்துவிட்டார்.

அவருடைய தோளில் ஒரு கை விழுந்து அவரை உட்கார வைத்தது. அப்பா எழுந்து நின்றார். ஆலயத்தில் அவர் வாய் திறந்து பேசியதே கிடையாது. காணிக்கைத் தட்டு வந்தாலும் தலையைக் குனிந்துகொள்கிறவர்.

"இருமலுங்க," என்றார் உரக்க. "அவளுக்கு எப்பவும் வர்றதுதானுங்க. தடையொண்ணும் இல்லீங்க."